கைக்குச் சுடாத வெளிச்சம்

வாங்க, வாங்க. பொள்ளாச்சியிலிருந்து போன் பண்ணுனது நீங்கதானுங்களே? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, அப்படியே உள்ள வாங்க. ஊட்ல பொம்பளை இல்லை, கூட்டிப் பெருக்கி நாளாச்சு. அந்தச் சேர்ல துணி கிடக்குது பாருங்க, அதை அக்கட்டால தள்ளிட்டு உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? சிறுவாணித் தண்ணிங்க. காப்பி கேட்டீங்கன்னா எனக்குப் போடத் தெரியாது, முன்னாலயே சொல்லிப்போடறேன்.

நீங்க கேட்ட எல்இடி லைட்டு அதா, அந்த அட்டைப்பெட்டியில இருக்குது. எடுத்துப் பாருங்க, ஒரு கீறல் இருக்காது. பொருளை எப்படி வெச்சுக்கோணும்னு தெரிஞ்சவன் நானு. காட்டூர்ல போயி மோட்டார் ராக்கியப்பன்னு கேட்டுப் பாருங்க, வழி காட்டறதுக்கு மின்னால என்ற பெருமையைச் சொல்லுவாங்க. கரிஞ்ச மோட்டாரைக் காயில் சுத்தி மறுக்கா ஓட வெக்கறதுதான் நம்ம தொழிலு. கெணத்து மோட்டாரு, மில்லு மோட்டாரு, எல்லாம் இந்தக் கையி பாத்ததுதான்.

'இவ்வளவு நல்ல லைட்டை ஏனுங்க விக்கறீங்க'ன்னு போன்லயே கேட்டீங்க. சொல்றேன். வாங்கறவருக்கு உண்மை தெரியோணுமல்ல? இது கொலைகார லைட்டுங்க. கேட்டுட்டு வேண்டாம்னு எந்திரிச்சுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஏமாத்தி விக்கற பொழப்பு நம்மகிட்ட இல்லை.

அந்தத் தொட்டியைப் பாருங்க. ஆறடித் தொட்டி. நாலு மீனு சுத்துது, மத்ததெல்லாம் வெறுங்கல்லு. உங்களுக்குத் தெரியும், நீங்களும் பவளம் வளக்கறவரு. தெரியாதவங்க வந்தா அதை அழகுக்கு வெச்ச கல்லுன்னு நெனச்சுக்குவாங்க. பல்லடத்து மச்சான், என்ற சம்சாரத்துக்கு அண்ணன், அதெல்லாம் விரிஞ்சிருந்தப்ப ஒருக்கா வந்து கண்ணாடில மூக்கை வெச்சுட்டு, 'ஏனுங் மாப்ள, இந்தப் பூவெல்லாம் பிளாஸ்டிக்குங்களா'ன்னு கேட்டாரு. கோழிப்பண்ணை வெச்சிருக்கற மனுசன், அவருக்கு என்னத்தைத் தெரியும்? அது உசுருங்க. தண்ணிக்கடியில ஒரே எடத்துல நின்னு வெளிச்சத்தைத் தின்னு பொழைக்கற உசுரு. வெளிச்சம்தான் அதுக்குச் சோறு. அப்ப லைட்டு எப்படி இருக்கோணும்?

இதுக்கு மின்னால ஹாலைடு லைட்டு ரெண்டு தொங்குச்சு. இப்பவும் தொங்குது பாருங்க, அட்டாலியில இருந்து எறக்கி மறுக்கா மாட்டிட்டேன். மெட்டல் ஹாலைடுன்னா என்னன்னு இப்பத்திப் பசங்களுக்குத் தெரியாது. கடைக்காரனே பல்பு வரத்து இல்லைன்னு கையை விரிக்கறான். அது போட்டவுடனே எரியாதுங்க. கொஞ்ச நேரம் மொணமொணன்னு மொணகும், செவப்பா முழிக்கும், பொறகு மெல்ல மெல்ல வெளுத்து வரும். கம்பெனி குடுத்த சோக்கு ரெண்டாவது வருசமே பொகைஞ்சு போச்சு. கழட்டி வீசிட்டு நானே செம்புக்கம்பி வாங்கிச் சுத்துனேன். இன்னும் அதுதான் ஓடுது. அதைப் போட்டா தண்ணிக்கடியில மணல் மேல வெளிச்சம் அலையலையா ஆடும். இந்தக் கூரைல ஆடும், அந்தச் சாமி படத்து மேல ஆடும். பாத்துட்டே சோறு உங்காம உக்காந்திருக்கலாம்.

சூடா? இருக்கும். வெளிச்சம்னா சூடு இருக்கத்தானுங்க செய்யும், சூரியன் சுடறதில்லையா? என்ற சம்சாரம் தெய்வானைதான் பொலம்புவா. 'ஏனுங்க, ஹால்ல உக்காந்தா அடுப்படியில உக்காந்த மாதர இருக்குது'ன்னு. தண்ணி சூடேறக் கூடாதுன்னு அதுக்கொரு சில்லரு. சில்லரு கக்கற சூட்டுக்கு ஒரு ஏசி. கரண்டு பில்லு வந்தா அவ படிக்க மாட்டா, என்ற தட்டத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிருவா. அம்மிணி பரிச்சை சமயத்துல மொட்டை மாடிக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிப் படிச்சா. ஆனா ஒருத்தராவது இந்தத் தொட்டி வேண்டாம்னு சொன்னதில்லைங்க. எங்கூடு அப்படி ஒத்துமையான ஊடு. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேற.

அம்மிணின்னா என்ற பொண்ணுங்க. ஒரே பொண்ணு, மேகலா. இந்தத் தொட்டி வந்ததே அவளாலதான். எட்டாவது படிக்கறப்ப கடல் மீனு வேணும்னு நின்னா. கோயமுத்தூர்ல கடலு எங்க இருக்குது? ஊட்டுக்குள்ள கொண்டாந்தோம். உப்புக் கரைக்கறது அவ, டிரம்மு தூக்கறது நானு. பச்சையா நூல் நூலா ஆடற பவளம் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு மயிலுன்னு பேரு வெச்சிருந்தா. பள்ளிக்கோடம் விட்டு வந்தா பையைக்கூட கழட்டாம மயிலுகிட்ட நிப்பா. அது ஒண்ணா இருந்தது பெருகிப் பெருகி இந்த மூலை பூராவும் ஆச்சு. நீங்க பாத்திருந்தீங்கன்னா அசந்து போயிருப்பீங்க.

அவளுக்குப் போன வருசம் கல்யாணம் பண்ணுனேன். மாப்ளை திருப்பூரு, நவநீதன்னு பேரு. நல்ல பையன், குறை சொல்றதுக்கில்லை. சொல்லப் போனா அதுதான் குறை. கோவம் வராது, சத்தமாப் பேச மாட்டாரு, எதைச் சொன்னாலும் 'சரிங் மாமா'ம்பாரு. அப்படிப்பட்ட ஆளை எப்படிங்க எடை போடறது? எல்இடி லைட்டு செய்யறதுதான் அவருக்குத் தொழிலு. பனியன் கம்பெனிகளுக்கெல்லாம் மாட்டிக் குடுக்கறாரு. சொந்தமாத் தொடங்கி இப்பத்தான் கால் ஊனறாரு.

தலைத் தீவாளி வந்துச்சு. தலைத் தீவாளின்னா என்னங்க மொறை? மாமனாரு செய்யோணும், மாப்ளை வாங்கிக்கோணும். நான் குறை வெக்கலை. மோதிரம் போட்டேன், துணிமணி எடுத்தேன், ஒறம்பரையெல்லாம் கூப்பிட்டு விருந்து வெச்சேன். எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கறாங்க. மாப்ளை எந்திரிச்சுப் போயிக் கார் டிக்கியைத் தொறந்து ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வர்றாரு. அதா, இதே பெட்டிதான். 'மாமா, இது உங்களுக்கு. நானே செஞ்சது. பவளத் தொட்டிக்குன்னே பாத்துப் பாத்துச் செஞ்சேன்'ங்கறாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? தலைத் தீவாளிக்கு மாப்ளை மாமனாருக்குச் சீர் செஞ்ச கதை எங்கியாச்சும் கேட்டிருக்கறீங்களா? பல்லடத்து மச்சான் சிரிக்கறாரு. 'பரவால்லியே மாப்ள, உங்களுக்கும் சீர் வந்திருச்சு'ன்னு நக்கலு வேற. என்னன்னு சொல்றது? மாப்ளை குடுக்கறதை வேண்டாம்னு சொன்னா மரியாதை கெட்டுரும். அம்மிணி மொகம் வேற பூரிச்சுப் போயிக் கெடக்குது. 'அப்பா, இனிமே ஊடு சூடாகாது, அம்மா நிம்மதியா ஹால்ல உக்காந்து டிவி பாக்கலாம்'ங்கறா. கம்முனு வாங்கிக்கிட்டேன்.

அவரே ஏணி போட்டு ஹாலைடைக் கழட்டி அட்டாலில வெச்சாரு. இதை மாட்டுனாரு. அந்தத் திருகு இருக்குது பாருங்க, அதுல வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 'மாமா, இப்ப நூத்துக்கு இருபதுல வெச்சிருக்கறேன். வாரம் ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. எடுத்தவொடனே முழுசா வெச்சா பவளம் தாங்காது'ன்னாரு. நானும் சரிங் மாப்ளைன்னு தலையை ஆட்டுனேன்.

நூத்துக்கு இருபது! என்ற தொட்டிக்கு! ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு எலையைப் போட்டு, காவயித்துக்கு உண்டுட்டு எந்திரின்னா எப்படிங்க இருக்கும்? ஹாலைடுக்கு அந்தப் பேச்சே கெடையாது. எரிஞ்சா முழுசா எரியும், இல்லாட்டி அணையும். மனுசனும் அப்படித்தான் இருக்கோணும்.

அவங்க திருப்பூருக்குக் கெளம்பிப் போனாங்க. நான் தொட்டிகிட்ட வந்தேன். மோட்டார்காரன் மொதல்ல என்ன செய்வான்னு நெனைக்கறீங்க? மீட்டரெல்லாம் பொறகுதான். மொதல்ல உள்ளங்கையை மோட்டாரு மேல வெப்பான். லோடு எடுக்குதா, சும்மா சுத்துதா, எல்லாத்தையும் கையி சொல்லிரும். அதே மாதர லைட்டுக்கடியில, தண்ணிக்குப் பக்கத்துல, இப்படிக் கையை வெச்சேன். ஹாலைடுக்கடியில வெச்சா கொஞ்ச நேரத்துல கையை எடுத்துக்கோணும், அந்தச் சூடு இருக்கும். இதுல? ஒண்ணுமே இல்லைங்க. ஐஸ்பெட்டிக்குள்ள கையை வெச்ச மாதர இருக்குது. திருகை முழுசாத் திருப்புனேன். அப்பவும் சில்லுனு இருக்குது. மேல தடவிப் பாத்தா, மேலாக்க சின்னச் சின்ன ஃபேனு வெச்சு இருக்கற சூட்டையெல்லாம் மேல தள்ளி விட்டுக்கிட்டிருக்கறாரு! சூட்டையெல்லாம் கூரைக்கு அனுப்பிட்டா, கீழ நிக்கற உசுருக்கு என்ன கெடைக்கும்? முழுசா வெச்சும் இந்த லட்சணம்னா, நூத்துக்கு இருபதுல வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முழுசாவே உட்டுட்டேன்.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, நான் முடிச்சுக்கறேன்.

அடுத்த நாளே அம்மிணி போன் பண்ணுனா. 'அப்பா, லைட்டு எத்தனைல இருக்குது?' நான் என்ன சொல்லோணும்? உன்ற புருசன் பண்ணுன லைட்டுல தெம்பு இல்லை, அதனால முழுசா வெச்சிருக்கறேன்னு சொன்னா அவருக்கு மனசு நோகுமல்ல? 'மாப்ளை சொன்னபடியேதான் அம்மிணி'ன்னேன். நோகாம பேசறதுக்கும் ஒரு பக்குவம் வேணுமுங்க. அப்பறம் அவ வாரா வாரம் கேப்பா, நானும் வாரா வாரம் கொஞ்சம் ஏத்திச் சொல்லுவேன். இப்ப முப்பது, இப்ப நாப்பதுன்னு. அவ சந்தோசப்படுவா. அவ மாசமா இருந்தா, ஒரே வாந்தி, அசையக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இல்லாட்டி கெளம்பி வந்து பாத்திருப்பா.

பவளம் வெளுக்கத் தொடங்குச்சு. மொதல்ல மேலாக்க இருக்கறது. அப்பறம் நடுவுல. மயிலு விரியறதே இல்லை, சுருங்கிச் சுருங்கி கல்லுக்குள்ள போயிக்கிச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, வெளிச்சம் பத்தலைன்னு. நெழல்ல கெடக்கற செடி வெளுத்துத்தானுங்க போகும்? வெயிலே படாத மனுசன் வெளுத்துத்தானே இருப்பான்? அதே கதைதான். சங்கிலியைத் தளத்தி லைட்டை ஒரு சாண் கீழ எறக்குனேன். அப்பவும் வெளுத்துச்சு. இன்னும் கொஞ்சம் எறக்குனேன். ஒருத்தன் இதுக்கு மேல என்னதாங்க செய்ய முடியும்?

ஹாலைடை ஏன் மறுக்கா மாட்டலைன்னு கேப்பீங்க. தெய்வானையும் அதைத்தான் கேட்டா. 'ஏனுங்க, கண்ணு மின்னால சாகுதே, பழசை எறக்கி மாட்டுங்க'ன்னா. எப்படிங்க மாட்டறது? மாப்ளை தன் கையால மாட்டுன லைட்டு. ஒறம்பரை மின்னால குடுத்தது. அதைக் கழட்டுனா மாமனாரு மாப்ளையை மதிக்கலைன்னு ஆகாதா? அவருக்காகப் பொறுத்துக்கிட்டேன். பொங்கல் தாண்டறதுக்குள்ள எல்லாம் கல்லாப் போச்சு. மயிலு கடேசியாப் போச்சு. பஞ்சுப் பஞ்சாக் கரைஞ்சு தண்ணில மெதந்துச்சு, வலை போட்டு எடுத்தேன். நான் எங்கப்பன் செத்தப்பக்கூட அழுகலைங்க. அன்னைக்கு அழுதேன்.

அம்மிணிகிட்டச் சொல்லலை. புள்ளைத்தாச்சிக்கு அதிர்ச்சி ஆகாதுன்னு தெய்வானை கெஞ்சுனா. சரின்னு இருந்தேன்.

கட்டுச்சோறு வந்துச்சு. எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், பொள்ளாச்சியும் அதே வழக்கந்தானே. தலைப் பிரசவம் பொறந்த ஊட்ல. நாம போயி, வகை வகையாச் சோறு கட்டிட்டுப் போயி, அவங்க ஊட்ல எல்லாரையும் சோறு உங்க வெச்சு, பொண்ணைக் கூட்டிட்டு வரோணும். வேன் புடிச்சு ஒறம்பரையோட போனேன். புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காச்சோறுன்னு அண்டா அண்டாவா. அம்மிணி பட்டுப்பொடவை கட்டி, பையெல்லாம் கட்டி வெச்சு, வாசல்ல நிக்கறா. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

பந்தில உக்காந்திருக்கறோம். மாப்ளைதான் பரிமாறறாரு. பல்லடத்து மச்சான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்காம, 'ஏனுங் மாப்ள, உங்க மருமகன் லைட்டைக் கோழிப்பண்ணைக்கு மாட்டலாம்னு இருக்கறேன், உங்க தொட்டில எப்படி வேலை செய்யுது'ன்னு கேட்டாரு. கேட்டாருங்க. நானாச் சொல்லலை. கேட்டா பொய் சொல்லச் சொல்றீங்களா? 'எல்லாத்தையும் கொன்னு போட்டுச்சு மச்சான். ஒண்ணு மிச்சமில்லை'ன்னேன்.

அம்மிணிக்கு மொகம் வெளிறிப் போச்சு. 'மயிலு?'ன்னா. போச்சு அம்மிணின்னேன். மாப்ளை கையில கரண்டியோட நிக்கறாரு. மெதுவாக் கேக்கறாரு: 'மாமா, எத்தனைல வெச்சிருந்தீங்க?' எனக்கு ஏறிப் போச்சு. அத்தனை பேரு மின்னால என்னைக் கேள்வி கேக்கறாரு. 'முழுசாத்தானுங்க வெச்சேன், மொத நாள்லிருந்தே! அரைகுறையா எரிக்கறதுக்கு நான் என்ன கஞ்சனா? முழுசா வெச்சு, கீழ எறக்கியும் வெச்சேன். உங்க லைட்டுல சரக்கு இல்லைங் மாப்ளை'ன்னேன்.

அவரு குனிஞ்சு அடுத்த எலைக்குப் பாயசம் ஊத்துனாரு. அதுதாங்க அவர்கிட்ட எனக்குப் புடிக்காதது.

அம்மிணிதான் பேசுனா. 'அப்பா, சொன்னபடி வெச்சிருக்கறேன்னு வாரா வாரம் சொன்னீங்களே.' உம் புருசன் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன்னேன். 'வெளிச்சம் கம்மியாயி அது சாகலைப்பா. வெளிச்சம் தாங்காமச் செத்திருக்குது. அதுக்குள்ள இருக்கற பாசிதான் அதுக்குச் சோறு ஆக்குது. அளவுக்கு மீறி வெளிச்சம் பட்டா அந்தப் பாசியை அதுவே வெளிய துப்பிரும். அதுதான் வெளுத்திருக்குது. நீங்க எறக்க எறக்க இன்னும் சுட்டிருக்கறீங்க'ங்கறா. சுட்டிருக்கறீங்களாமா! கைக்குத் தெரியாத சூடு கல்லுக்குத் தெரிஞ்சுதாமா! நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாதோ என்னமோ. அதுதான் அவளுக்குத் தாங்கலைன்னு தெய்வானை சொன்னா.

எந்திரிச்சு வாசலுக்குப் போனா. கட்டி வெச்ச பையைத் தூக்கிட்டு உள்ள போனா. 'நான் வர்லீங்கப்பா. அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, லைட்டு மேல தப்பில்லைன்னு. இத்தனை பேரு மின்னால சொன்னீங்கல்ல, அதே மாதர சொல்லுங்க. சொன்னா இப்பவே வண்டி ஏறறேன்'னுட்டா.

ஒரு வார்த்தைதான். ஆனா எந்த மாமனாரு சொல்லுவான்? நீங்க சொல்லுவீங்களா? தொட்டி போனது எனக்கு, மயிலை வலைல அள்ளுனது நானு, மன்னிப்பும் நாந்தான் கேக்கோணுமாமா? சம்பந்தியம்மா வந்து, 'போகட்டும் விடுங்க அண்ணா, கொழந்தைத்தனமாப் பேசறா'ன்னு எவ்வளவோ சமாதானம் பண்ணிப் பாத்தாங்க. அவ கதவைச் சாத்திக்கிட்டா. கட்டுச்சோறு கட்டிட்டுப் போயி, காலி அண்டாவோட, பொண்ணில்லாம திரும்பி வந்த ஒரே ஆளு கோயமுத்தூர் ஜில்லாவுல நானாத்தான் இருப்பேன். வேன்ல பல்லடத்து மச்சான், 'மாமனாரு ஊட்டு மீனையே கொன்ன லைட்டு, நம்ம கோழிக்கு எதுக்கு'ன்னாரு. அப்பறம் அவரு ஆர்டரு குடுக்கலை. அவரு சொல்லிச் சொல்லி இன்னும் ரெண்டு பண்ணைக்காரங்களும் வேண்டாம்னுட்டாங்களாமா. மாப்ளை ஆளுங்களைக் குறைச்சுட்டாருன்னு கேள்வி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? கேட்டாங்க, சொன்னேன்.

தெய்வானை மூணா நாளு துணியை மடிச்சு வெச்சா. 'நீங்க உங்க கையை நம்பிட்டு இருங்க. எனக்கு என்ற பொண்ணு வேணும்'னுட்டு திருப்பூரு பஸ்ஸு ஏறிட்டா. சம்பந்தி ஊட்ல போயி உக்காந்து பிரசவம் பாக்கறது எவ்வளவு கேவலம்? ஊரு என்ன பேசும்? அதைப் பத்தி ஒருத்தருக்கும் கவலை இல்லை. அவ போனப்பறம்தான் இதைக் கழட்டிட்டு ஹாலைடை மாட்டுனேன். காலித் தொட்டிதான். ஆனாலும் தெனமும் போட்டு உக்காந்திருக்கறேன். ஹால் சூடாகும். சூடாகறதைச் சொல்லறதுக்கு ஆளில்லை.

நேத்து மத்தியானம் கடையில வாங்குன பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சு உக்காந்தேன். போன் வந்துச்சு. மாப்ளைங்க. 'மாமா, கொழந்தை பொறந்திருச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க'ங்கறாரு. நான் அப்புச்சி ஆயிட்டேனுங்க. வாய் தொறக்கறதுக்கு மின்னால அவரே சொல்றாரு: 'மாமா, நடந்ததையெல்லாம் மறந்துருங்க. லைட்டு விசயத்துல தப்பு என்ற மேலதான். நான் கூடவே இருந்து செட் பண்ணிக் குடுத்திருக்கோணும். மனசுல வெச்சுக்காம கெளம்பி வாங்க. கொழந்தையைப் பாக்க நீங்க வரோணும்.'

பாத்தீங்களா! கடேசில யாரு தப்புன்னு அவரு வாயாலயே வந்துச்சா இல்லையா? இத்தனை மாசம் நெஞ்சுல கல்லு மாதர இருந்தது அப்படியே எறங்குச்சு. நானும் பெரிய மனுசனா நடந்துக்கிட்டேன். குத்திக் காட்டலை. 'பரவால்லீங் மாப்ளை. தப்பு பண்றது மனுச சுபாவம். ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெருசு. நான் மன்னிச்சுட்டேன். இனிமேலாச்சும் ஒரு பொருளைச் செஞ்சா நல்லாச் சோதிச்சுப் பாத்துட்டு ஊருக்குக் குடுங்க'ன்னேன். இதை விடத் தன்மையா எவன் பேசுவான்?

போனு ஸ்பீக்கர்ல இருந்திருக்குது, எனக்குத் தெரியலை. அப்பறம் அம்மிணி கொரலு. பிரசவம் ஆன கொரலு, காத்து மாதர வருது. 'அப்பா, உங்களை வர வெக்கறதுக்காக அவரு செய்யாத தப்பைத் தன் தலைல போட்டுக்கிட்டாரு. "இல்லீங் மாப்ளை"ன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரும்னு நான் கேட்டுட்டே இருந்தேன். நீங்க மன்னிக்கறீங்க. நீங்க வராதீங்கப்பா.' அவ்வளவுதான். வெச்சுட்டா.

நீங்களே சொல்லுங்க. அவரு தப்புன்னாரு. நான் மன்னிச்சேன். இதுல நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?

நீங்க ஏன் தரையைப் பாக்கறீங்க?

சரி, விடுங்க. லைட்டை எடுத்துக்கங்க. வெலையெல்லாம் வேண்டாம், சும்மாவே கொண்டு போங்க. கண்ணுல படாம இருந்தாச் சரி. அட, எடுத்துக்கங்கன்னா. எனக்கு அதுக்குப் பதிலா ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. அவளை மன்னிச்சு நான் கெளம்பித்தானுங்க நின்னேன். வேட்டி மாத்தி, வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்துப் பைல வெச்சுட்டு கேட் வரைக்கும் போயிட்டேன். அங்க போயி நிக்கறப்பத்தான் தெரியுது, என்ன கொழந்தைன்னு நான் கேக்கவே இல்லை. பேரனா பேத்தியா, ஒண்ணும் தெரியாது. தப்பு யாருதுங்கற பேச்சுல அது உட்டுப் போச்சு.

நேத்திலிருந்து போன் பண்றேன். மாப்ளை எடுக்கறதில்லை. தெய்வானை என்ற நம்பரைப் பாத்தாலே கட் பண்றா. ஒறம்பரையைக் கேக்கலாம்தான். கேட்டா, பொறந்தது என்னன்னு அப்புச்சிக்கே தெரியலைன்னு பல்லடம் பூரா சொல்லிச் சிரிப்பாங்க. எனக்கு நேத்திலிருந்து சோறு எறங்கலைங்க. கண்ணை மூடுனா வெறும் துணி மூட்டைதான் தெரியுது, அதுல மொகம் இல்லை.

உங்க நம்பரு அவங்களுக்குத் தெரியாது. உங்க போன்லிருந்து ஒருக்கா போடுங்க. இதா, தெய்வானை நம்பரு. ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து பேசறேன்னு சொல்லுங்க, எழுதிக்கறதுக்கு வேணும், என்ன கொழந்தைன்னு கேளுங்க. அவ்வளவுதான். நான் இங்க இருக்கறதைச் சொல்லிப்போடாதீங்க. நான் பேச மாட்டேன், மூச்சுக்கூட உட மாட்டேன். ஸ்பீக்கர்ல போட்டு இப்படி வெய்யுங்க. பக்கத்துல அழுதுச்சுன்னா எனக்கும் கேக்கட்டும்.

ரிங்கு போகுதுங்களா?